கிளினிக் திறந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கூலிம் ஹைடெக் பூங்காவில் கடைசி இரண்டு ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த தினேஷ், போன மாதம் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, சொந்தமா சின்னதா ஒரு புரோகிராம் செய்யறேன். புரோகிராமையும் ஏஐயே எழுதிருச்சு, அதுக்கான டெஸ்டையும் அதுவே எழுதிருச்சு. ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பச்சை லா. இன்னும் என்னண்ணே பாக்கி இருக்கு?"

ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். மூன்று முறை பதிவு செய்தேன், மூன்று முறையும் அழித்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். எங்கள் மென்பொருள் சோதனைப் பிரிவை மூடியபோது நிறுவனம் என்னை வேறு பிரிவுக்கு வரச் சொன்னது. நான் போகவில்லை. அந்தத் தொழிலுக்கு இனித் திரும்புவதாகவும் இல்லை. பிறகு அதற்கு ஓய்வு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை செய்தது. அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பினாங்குப் பக்கம் பாலிடெக்னிக் என்று போய், கூலிமில் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தேன். முதல் மாதம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டார், "அங்க என்னதான்டா செய்யற?"

"மத்தவங்க எழுதின புரோகிராம் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கிறேம்மா."

"அப்ப நீ கங்காணி."

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கங்காணி வெயில்ல நிப்பான். இவன் ஏர்கோன்ல உக்காந்திருக்கான். கணக்கெழுதுற கிராணின்னு சொல்லு."

தானியங்கிச் சோதனை என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு நிரலைக் கேள்வி கேட்க இன்னொரு நிரல் எழுதுகிறோம். இதைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நிரலில் எப்போது கை வைத்தாலும் எல்லாக் கேள்விகளையும் மறுபடி கேட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு விநாடி வேலை.

எங்கள் பிரிவின் தலைவி ஸ்டெல்லா மேடம். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. திட்டியும் கேட்டதில்லை. பக்கத்து மேசை நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். என் விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்புவார். நிரலில் எங்கேயாவது ஒரே ஒரு குறியை மாற்றுவார். 'பெரிது' என்று இருப்பதைச் 'சிறிது' என்று. பிறகு "ஓட்டு" என்பார். நிரலை அவர் கெடுத்திருக்கிறார், ஆகவே சோதனை சிவப்பாக வேண்டும். ஆகாமல் பச்சையாகவே நின்றால், அந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு மதியம் நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியதில் பாதி அப்படிப் போனது.

அவருடைய இன்னொரு பழக்கத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் மேலே, அதில் எதிர்பார்க்கும் விடையைச் சொன்னவரின் பெயரைக் குறிப்பாக எழுத வேண்டும். பண்டகசாலைப் பொறுப்பாளர் சொன்னாரா, அவர் பெயர். இயந்திரம் ஓட்டுபவர் சொன்னாரா, அவர் பெயர்.

பிரிவின் உபயோகத்துக்கு நானே எழுதிய ஒரு சின்ன நிரலின் சோதனைக்கு முதல் தடவை பெயர் போடாமல் விட்டபோது கேட்டார், "இந்த விடைய யார் சொன்னா?"

"நானே கணக்குப் போட்டேன் மேடம்."

"புரோகிராம் யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப கேள்வியும் நீயே, பதிலும் நீயே. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு பேசு."

பிரிவே சிரித்தது. அதன் பிறகு அலுவலகத்தில் பெயரில்லாமல் ஒரு சோதனைகூட நான் எழுதியதில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆன பின் ஆரோக்கியம் அக்கா என்னைத் தேடி வந்தார். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் உதவிக்குழுவை நடத்துகிறவர். குழுவுக்கு ஒரு பழைய வேன் உண்டு. சுற்றியிருக்கும் தோட்டங்களில் தனியாகப் போக முடியாத நோயாளிகளை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தோணி அண்ணன் ஓட்டுநர். யாரை என்று கூட்டிப்போவது என்பதை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"அட்டையில தேதி போட்டுக் கொடுக்கிறவங்களுக்குப் பிரச்சினை இல்லப்பா. புண்ணுக்கு மருந்து கட்டறவங்கதான் தலைவலி. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்லி விட்டுடறாங்க. நடுவுல லீவு வரும், ஹரிராயா வரும், தீபாவளி வரும். எனக்கு எண்ணிப் பார்த்துத் தலை சுத்துது."

செய்து தருகிறேன் என்றேன். படித்தவன் ஊருக்குச் செய்யும் முதல் காரியம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பைத்தானில் முந்நூறு வரி. நோயாளியின் பெயர், தோட்டம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கொடுத்தால், கிளினிக் மூடியிருக்கும் நாள்களைத் தாண்டி அடுத்த நாளைக் கண்டுபிடித்து வாரப் பட்டியலை அச்சிடும். சின்ன வேலைதானே என்று சோதனையை நான் விடவில்லை. நிரலுக்குக் கணினியில் ஒரு கோப்புறை, சோதனைக்கு இன்னொன்று. ஒரே கட்டளையில் எல்லாம் ஓடும். 'இன்று' என்ன தேதி என்பதை உண்மையான கடிகாரத்திலிருந்து எடுக்காமல், சோதனைக்கென்று நானே கொடுத்தேன். இல்லாவிட்டால் இன்று தேறும் சோதனை நாளை தவறும். மாத முடிவு, ஆண்டு முடிவு, லீப் ஆண்டு எல்லாவற்றுக்கும் கேள்வி எழுதினேன். நாற்பத்தொரு சோதனைகள். அதில் ஒன்று தவறினாலும் பட்டியல் அச்சாகாதபடி பூட்டும் போட்டேன். எல்லாம் தேறினால் தாளின் அடியில் 'செமுவா பெத்துல்' என்று மலாயில் ஒரு வரி விழும். எல்லாம் சரி. அப்படி ஒரு வரி இருந்தால் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். வந்தது.

பெயர்களை மட்டும் எழுதவில்லை. என் சொந்த நிரல், சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. யார் பெயரைப் போடுவது?

அந்தச் சமயத்தில் ஒரு நாள் வேனில் நானும் போனேன். கடைசித் தோட்டத்தில் ஏறியவர் வீரம்மா அத்தை. வயது அறுபது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், கணவர் இல்லை, ஒரே மகள் ஜோகூரில். வலது பாதத்தில் சர்க்கரைப் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்ட வேண்டும்.

"நீதான் கம்ப்யூட்டர் தம்பியா? என் பேர நல்லா பெருசா போடுய்யா. எனக்குப் படிக்கத் தெரியாது, பெருசா இருந்தா அதுதான் நான்னு தெரிஞ்சுக்குவேன்."

"ஆமா, எழவு வீட்டுப் பேனர் மாதிரி போடச் சொல்லு" என்றார் அந்தோணி அண்ணன். அத்தை கைப்பையால் அவர் தோளில் ஒன்று வைத்தார்.

பட்டியல் வந்த முதல் வாரமே அந்தோணி அண்ணன் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பின்னால் ஆள்கள் பேசும் சத்தம். "டேய் தம்பி! உன் லிஸ்ட நம்பி ஆறு பேர ஏத்திக்கிட்டு கிளினிக் வாசல்ல நிக்கறேன். கேட்டு பூட்டியிருக்கு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை லா! எந்த ஊருக்குடா நீ லிஸ்ட் போட்ட?"

எங்கள் கெடா மாநிலத்தில் அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். நான் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிக்கு ஞாயிறு காலையில்தான் வாரத்தைத் தொடங்கிப் போனேன். ஆனால் பினாங்கில் படித்த காலத்திலிருந்து எனக்குச் சனியும் ஞாயிறும்தான் விடுமுறை. எங்கள் நிறுவனமும் அப்படித்தான். நான் எடுத்துப் பயன்படுத்திய நாள்காட்டி நிரலிலும் வார இறுதி என்றால் சனி, ஞாயிறு.

வெட்கமாகிவிட்டது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மதிய உணவு நேரத்திலேயே திருத்தினேன். முறையாகத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு புதிய சோதனை எழுதி, அது சிவப்பாவதைக் கண்ணால் பார்த்து, மூடிய நாள்களில் வெள்ளியையும் சேர்த்து, பச்சையாவதைப் பார்த்தேன். அந்த ஒரு சோதனைக்கு மேலே 'அந்தோணி' என்று பெயரும் எழுதினேன். இப்போது நாற்பத்திரண்டு. எல்லாம் சரி.

வெள்ளியைச் சேர்த்தேன். ஞாயிறை எடுக்கவில்லை. ஞாயிறு வந்தால் திங்களுக்குத் தள்ளு என்று நான் முன்பே எழுதிய சோதனை ஒன்று இருந்தது. அதுவும் அன்று பச்சையாகத்தான் எரிந்தது. நிரலும் தவறு, அதே தவறைச் சரி என்று சொல்லும் சோதனையும் என்னுடையது. அந்தோணி அண்ணன் போனில் இருந்தபோதே "ஞாயிறு எப்படிண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூடிய கிளினிக்குக்கு வேன் போனால் கத்துவதற்கு ஆறு பேர் இருப்பார்கள். திறந்த கிளினிக்குக்கு வேன் போகாவிட்டால் யார் கத்துவது? அப்படி ஆறேழு வாரங்கள் ஓடின. வியாழன் கட்டினால் அடுத்த கட்டு திங்கள்தான். புண்ணுக்குக் கட்டுகிற மற்ற மூன்று பேருக்கு மகனோ மருமகனோ இருந்தார்கள், ஞாயிறன்று மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார்கள். வீரம்மா அத்தைக்கு யாரும் இல்லை.

பிறகு ஹரிராயா என்கிற நோன்புப் பெருநாள் வந்தது. அந்த ஆண்டு திங்களும் செவ்வாயும் பெருநாள் விடுமுறை. அத்தைக்குப் புதன்கிழமை கட்டினார்கள். அடுத்த முறை வெள்ளி; மூடியிருக்கும். சனியும் அப்படியே. ஞாயிறு திறந்திருந்தது, என் நிரல் மூடியிருக்கிறது என்றது. திங்கள், செவ்வாய் பெருநாள். ஆக, புதன் விட்டு அடுத்த புதன். தாளின் அடியில் செமுவா பெத்துல்.

அந்தப் புதன் காலை அந்தோணி அண்ணன் போய் ஹார்ன் அடித்தார். அத்தை வெளியே வரவில்லை. உள்ளே போனால் பாயில் படுத்திருந்தார், நல்ல காய்ச்சல். கட்டின் மேலேயே ஈ மொய்த்தது. கிளினிக்குக்குப் போகாமல் நேராகச் சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆரோக்கியம் அக்கா எனக்குப் போன் செய்தபோது குற்றம் சொல்லும் குரலே இல்லை. செய்தியைச் சொல்லி, ஜெபம் செய்துகொள் என்றார். நான்தான் கேட்டேன், "ஒரு வாரம் கட்டாம எப்படிக்கா இருந்தாங்க?"

"லிஸ்ட்ல அப்படித்தானேப்பா இருந்துச்சு."

"நடுவுல ஞாயிறு இருக்கேக்கா. நீங்க பார்க்கலையா?"

"ஞாயிறு என் நோட்டுல எப்பவுமே கிடையாதுப்பா. நாங்க பூசைக்குப் போயிருவோம். ஞாயிறு ஜமால் பாயோட காரு. அது அவரு வழக்கம்."

அந்த வழக்கத்தை அன்றுதான் முதல்முறை கேள்விப்பட்டேன். ஜமால் பாய் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவர். அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் என் பட்டியல் ஒட்டியிருந்தது, நெய்க் கறையோடு.

"பல வருசமா ஞாயிறு நான்தான் தம்பி ஓட்டறேன்" என்றார். "அவங்க பூசைக்குப் போகட்டும்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டது. வியாழக்கிழமை அந்தோணி இங்க தேத்தண்ணி குடிக்க வருவான், ஞாயிறுக்கு யார் யாருன்னு வாயில சொல்லிட்டுப் போவான். நீ இந்தத் தாளைக் கொடுத்ததுக்கு அப்புறம் அவன் சொல்றதில்ல, அதான் சுவர்ல இருக்கேன்னு. பார்த்தா ஞாயிறுக் கட்டம் காலி. சரி, கம்ப்யூட்டர் வந்து நம்மளுக்கு ஓய்வு கொடுத்துருச்சுன்னு நெனச்சேன்."

"அன்னிக்கு நோன்பு பாய். மறுநாள் பெருநாள். கடையில வேலை இருந்திருக்கும்."

"நோன்போட போயிருப்பேன்டா" என்றார். கல்லாவைத் திறந்து மூடினார். நான் சாப்பிடாமல் எழுந்ததை அவர் தடுக்கவும் இல்லை.

அந்தோணி அண்ணனைக் கேட்டபோது, பூசைக்காக நான்தான் ஞாயிறை விட்டுவைத்திருக்கிறேன் என்று நினைத்ததாகச் சொன்னார். அக்கா, பாய் போகிறார் என்று நினைத்தார். பாய், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்தார். மூன்று பேருக்கும் ஞாயிறு கிளினிக் திறந்திருக்கும் என்பது தெரியும். தெரியாமல் போனது எனக்கு ஒருவனுக்குத்தான், எழுதியவன் நான்.

மறுநாள் ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாராவது திட்ட வேண்டும் போலிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சோதனையைத் திரையில் காட்டச் சொன்னார். இரண்டே வரி. மேலே பெயர் இல்லை.

"இந்த விடைய யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம்."

என் விசைப்பலகையை அவர் தொடவில்லை. எழுந்து, நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

திருத்த நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு சோதனையாக எடுத்து, அக்கா, அந்தோணி அண்ணன், பாய், கிளினிக் மிஸ்ஸி என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பெயர் எழுதினேன். இன்னும் நான்கு தவறுகள் அகப்பட்டன. 'செமுவா பெத்துல்' வரியை எடுத்துவிட்டேன். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் கூலிமில் வேலை பார்த்தேன். திரை பச்சையாகும்போதெல்லாம் அதை நம்பாமல், பெயர்களை முதலிலிருந்து மறுபடி சரிபார்ப்பேன். பிரிவை மூடுகிறோம் என்று அறிவித்த அன்று மற்றவர்கள் அழுதார்கள், எனக்கு மூச்சு வந்தது.

தினேஷ், உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். உன் கருவி எழுதிய ஒவ்வொரு சோதனைக்கும் மேலே ஒரு மனிதரின் பெயரை எழுத முடியுமா பார். முடியாத இடத்தில் நிறுத்தி, எழுந்து போய் யாரையாவது கேள்.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

கால் போய் இரண்டு மாதம் கழித்து வீரம்மா அத்தையைப் பார்க்கப் போனேன். லயத்து வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பசியாறிட்டியா என்று கேட்டார். பார்க்க வருகிற எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார். "சக்கரை தின்னுடுச்சு தம்பி. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். வர்றது வரும்." சொல்லும்போது முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டரும் ஆரோக்கியம் அக்காவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். இடையில் ஒரு முறை கட்டாமல் விட்டதால் வந்தது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளி, சனி, ஞாயிறு, என் கணக்கு, பாயின் கார். தப்பு என்னுடையது அத்தை என்றேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அத்தை கீரையை நிறுத்தினார். "அப்ப அந்த ஞாயித்துக்கிழமை கிளினிக் தொறந்துதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"எனக்குத் தெரியுமேய்யா." கையிலிருந்த தண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஞாயித்துக்கிழமை தொறக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் குளிச்சு, சீலை மாத்திக்கிட்டு இந்த வாசல்லதான் உக்காந்திருந்தேன். காலு சுட்டுச்சு. பக்கத்து வீட்டுப் புள்ள வந்து, லிஸ்ட்ல இல்ல அத்தை, கீழ எல்லாம் சரின்னு போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுச்சு. சரின்னு உள்ள போயிட்டேன். பாய் நம்பர் போன்ல இருந்துச்சு. ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பாரு."

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை. தப்பு என்னோடது."

"உனக்குத் தெரியாது, நீ செஞ்ச. எனக்குத் தெரியும்ல? நான் ஏன் கேக்கல?"

எவ்வளவோ சொன்னேன். கேட்டுக்கொண்டார், தலையையும் ஆட்டினார். ஆனால் கீரையைத் திரும்ப எடுக்கவில்லை. நான் புறப்படும்போதும் முறம் அப்படியே மடியில் இருந்தது.

இப்போதும் ஞாயிறுதோறும் ஜமால் பாய் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார். வழியில் யார் ஏறி, என்னம்மா ஆச்சு என்று கேட்டாலும் அத்தை சர்க்கரை என்று சொல்வதில்லையாம். "நான் ஒரு போன் போட்டிருக்கணும்" என்றுதான் தொடங்குகிறாராம்.